அம்மாவின் இடது முழங்கால்

அன்பு மகள் நிவெஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகனும் குட்டி தோபியாவும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நான் சுகம், பூனை சுகம், அப்பாவும் சுகம்தான். அது எப்படிப்பட்ட சுகம் என்று சொல்லத்தான் இத்தனை தாள். போனில் சொல்லலாமென்றால் அவர் பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார், பேப்பர் படிப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போது விறகுக் கொட்டகையில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறார், அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் நான் நிம்மதியாக எழுதலாம்.

நீ அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்து சேர்ந்தன. என் ஜோடியையும் அப்பாவே எடுத்துக்கொண்டார், கேட்டால் எனக்குப் பெரிதாம். கொல்லையில் பெர்சிமன் மரம் இந்த வருஷம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பழத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறது, பறிக்க ஆளில்லாமல் பாதி குருவிக்குப் போகிறது. அப்பாவை ஏணியில் ஏற விடுவதில்லை, விறகையும் ஆள் வைத்துத்தான் அடுக்கினேன், அதற்காக இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வசந்தத்தில் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது உனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. ஊருக்குப் பித்தப்பைக் கல் என்று சொல்லி வைத்திருக்கிறார், என்னவோ பித்தப்பை இருந்தால் மானம், இதயம் இருந்தால் அவமானம் என்பதுபோல. டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பும்போது, "நல்லா நடங்க, ஆனா பேசிக்கிட்டே நடக்கிற வேகத்துல நடங்க, மூச்சு வாங்கினா நின்னுடுங்க, யாரையும் துரத்திப் பிடிக்கக் கூடாது" என்று படித்துப் படித்துச் சொன்னார். அதற்கு உன் அப்பா, "நான்தான் பேசவே மாட்டேனே, அது என்ன வேகம்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் பனி விழுவதற்கு முன் வருஷத்து நடைகளை முடித்துவைக்கிற மலைச் சங்கத்தின் முடிப்பு நடை எப்படியும் வரும், மேல் ஏரிக்கு எல்லோரும் கிளம்புவார்கள், இவர் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு கடைசியில் நிற்பார் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

அந்தத் துடைப்பம் உனக்கு நினைவிருக்கிறதா? உன் சின்ன வயதுப் படங்களில் எல்லாம் இருக்கிறது. பிர்ச் மரக் குச்சிகளைக் கையகலத்துக்குக் கட்டி முதுகுப் பையில் தொங்கவிட்டிருப்பார், இந்த ஆளுக்குப் பின்னால் யாரும் இல்லை, எல்லாரையும் கூட்டி வாரிக்கொண்டு வருகிறவர் இவர்தான் என்பதற்கு அடையாளம். முன்னால் தலைவன், அவனுக்கு நேர் பின்னால் கூட்டத்திலேயே மெதுவாக நடக்கிற ஆள், பிறகு மற்ற எல்லோரும், கடைசியில் துடைப்பம். தலைவன் அந்த மெதுவான ஆளின் மூச்சைக் கேட்டுக்கொண்டே நடப்பான், மொத்தக் கூட்டத்தின் வேகமும் அதுதான். உன்னால் முடியாது என்று நம் ஊரில் யாரும் யார் முகத்துக்கு நேராகவும் சொல்வதில்லை, வண்டி நிறுத்துகிற இடத்தில் தலைவன் கையை நீட்டி, நீ என் பின்னாடி வா என்றால் போதும், அத்தனை பேருக்கும் புரிந்துவிடும். முதல் தடவை உன்னை ஏரிக்குக் கூட்டிப்போனபோது உன்னைத்தான் அங்கே நிறுத்தினார்கள். அப்பா கடைசியில் இருக்கிறார், கண்ணுக்குத் தெரியவில்லை என்று பாலம் வரைக்கும் அழுதாய். அதற்காகத்தான் அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னாலிருந்து "ஊ…ஓய்!" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார், நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதில் குரல் கொடுப்பாய். அன்றைக்கு வந்த பழக்கம்தான், உனக்காக ஆரம்பித்தது, நீ போன பிறகும் நிற்கவில்லை, இப்போது எல்லா நடையிலும் கடைசி ஆள் குரல் கொடுக்க வேண்டும், தலைவன் பதில் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. அன்று இறங்கி வந்ததும் அப்பா மடியில் ஏறிக்கொண்டு, "முன்னாடி போனா எல்லாமே நமக்குத்தான்ப்பா மொதல்ல தெரியுது, நீ பாவம்" என்று அவரைத் தேற்றினாயே, அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நடைக்கு முந்தின வாரம் ரொட்டிக் கடைக்குப் போய் தேவிஸைத் தனியாகப் பிடித்தேன். உன்னோடு படித்த தேவிஸ்தான், இப்போது அவன்தான் எங்கள் கிளைக்கு நடைத் தலைவன், தலையில் முடி கொட்டிவிட்டது, மனசு அப்படியே இருக்கிறது. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ஸ்டென்ட் விஷயத்தைச் சொன்னேன். மாவுக் கையோடு அப்படியே நின்றான். "அப்போ அவர என் பின்னாடி போட்டுடறேன் இர்மாம்மா, வேற வழியில்ல" என்றான். நான் சொன்னேன், "அப்படி மட்டும் செஞ்சே, அங்கேருந்தே வண்டிய திருப்பிக்கிட்டு வீட்டுக்குப் போயிருவாரு, அப்புறம் எந்த நடைக்கும் வரமாட்டாரு, நாற்காலியில உக்காந்தே செத்துப்போவாரு." "பின்ன என்னதான் செய்யணும்கிறீங்க?" என்றான். "என்னை நிறுத்து. எனக்கு முட்டி வலி." அவன் என் காலைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், முதலில் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே, இந்தப் பள்ளத்தாக்கில் என் வயதுப் பெண்களில் என்னை முந்துகிறவள் யாரும் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். அந்தத் திமிரை ரொட்டிக் கடையிலேயே வைத்துவிட்டு இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். நான் மெதுவாக நடந்தால் கூட்டமே மெதுவாக நடக்கும், கடைசி ஆள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் வேகமாக நடக்க முடியாது. தனக்காக என்றால் ஓரடி குறைத்து வைக்காத மனிதர், அடுத்தவருக்காக என்றால் நாள் முழுக்கக் காத்து நிற்பார்.

அன்று காலை வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. லார்ச் மரமெல்லாம் மஞ்சள், காற்றடித்தால் ஊசி ஊசியாக நம் காலரில் விழுந்து குத்தும், நிழலில் கால் வைத்தால் உறைபனி நொறுங்கும். கூட்டத்துக்கு முன்னால் தேவிஸ் கையை நீட்டி என்னைக் கூப்பிட்டான். அவ்வளவுதான், பேச்செல்லாம் நின்றுபோய் எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. உன் அப்பா என் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு பின்னால் போனார். துல்லியோ மாமாதான் சும்மா இருப்பாரா? பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே அவருக்கு எல்லோருக்கும் முன்னால் போக வேண்டும், கடைசியில் நடக்கிறவனுக்கு ஊர்க்காரர்களின் பின்பக்கத்தைத் தவிர என்ன தெரியும் என்பது அப்பாவை அவர் பண்ணும் பழைய கேலி. அன்றைக்கு என் முதுகுக்குப் பின்னால் வந்து மாட்டிக்கொண்டார். "என்ன இர்மா, மலையாடு மாதிரி ஏறுவியே, இன்னிக்கி முட்டையிட எடம் தேடுற கோழி மாதிரி போற?" என்றார். "வாய மூடிக்கிட்டு நட துல்லியோ, உன் பஸ்ஸு இதவிட மெதுவாத்தான் போகும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே வலித்தது, முட்டி வலித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

இப்படியாக இடது காலை இழுத்து இழுத்து, மாட்டுக் கொட்டகைகளைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, பனியாறு தள்ளிவிட்டுப் போன கல்மேட்டின் அடிக்கு வந்துவிட்டோம். அதுவரை ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னாலிருந்து அவர் குரல் வந்துகொண்டிருந்தது. யாருக்கும் தெரியாமல் நான் அதை எடை போட்டுக்கொண்டே நடந்தேன், முழுசாக வருகிறதா, நடுவில் உடைகிறதா, இழுக்கிறதா என்று. கல்மேட்டில் நான் இன்னும் மெதுவாக நடந்தேன், தேவிஸே திரும்பிப் பார்த்துக் கண்ணைக் காட்டினான், போதும் என்பதுபோல. மேலே இருந்து இரண்டாவது திருப்பத்தில் குரல் வரவில்லை. நின்றேன். எல்லோரும் நின்றார்கள். தேவிஸ் குரல் கொடுத்துப் பார்த்தான், ஓடைச் சத்தம்தான் கேட்டது. "நீங்க இங்கேயே நில்லுங்க இர்மாம்மா, நான் போய்ப் பாக்குறேன்" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் கீழே ஓடிவிட்டேன். நொண்டலாவது ஒன்றாவது. அந்தக் கல்மேட்டில், அத்தனை பேரையும் தள்ளிக்கொண்டு, கல்லுக்குக் கல் தாவி, உன்னைப் பெறுவதற்கு முன்னால் ஓடியதுபோல் ஓடினேன். துல்லியோ பின்னாலிருந்து "ஏய் இர்மா!" என்று கத்தினது மட்டும் காதில் விழுந்தது. ஓடும்போது மனசுக்குள் என்னென்ன ஓடியது என்று உனக்கு எழுதமாட்டேன். கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற உனக்கு நான் எந்த வாக்கியத்தால் போனை ஆரம்பிப்பேன் என்றுகூட ஓடியது.

திருப்பத்தில் அவர் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். துடைப்பம் மடியில் கிடந்தது, அதன் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "எதுக்கு இப்படி ஓடி வர்ற? கயிறு அவுந்துருச்சு, கட்டிக்கிட்டிருக்கேன்" என்றார். நான் மூச்சு வாங்க நின்றேன். அவர் என் காலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "முட்டி எப்படி இருக்கு?" என்றார். "வலிக்குது" என்றேன். வேறு என்ன சொல்வது? திரும்பி மேலே ஏற ஆரம்பித்தேன், அவர் கண் என் முதுகில் இருக்கிறது என்று தெரியும், அதனால் நன்றாகவே நொண்டிக்காட்டினேன். பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது, வலது காலை நொண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஏரி இந்த வருஷமும் நமக்காகக் காத்திருந்தது, நிவெஸ். கோடையில் வருகிறவர்கள் பார்க்கிற பால்பச்சைத் தண்ணீர் இல்லை, பனி உருகுவது நின்று வண்டல் எல்லாம் அடியில் படிந்து, அடிக்கல் ஒவ்வொன்றும் தெரிகிற தண்ணீர், முடிப்பு நடைக்கு வருகிற நமக்கு மட்டும் காட்டுகிற முகம். ஓரத்தில் கண்ணாடிபோல் உறைந்திருந்தது. நீ சிறுமியாக இருந்தபோது பனியாறு கீழே இறங்கி வந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும், நீ அதை ஏரியைக் குடிக்க வந்த மாடு என்பாய். இப்போது அது பாறைக்கு மேலே போய்விட்டது, கழுத்தை நிமிர்த்தித் தேட வேண்டும். வழக்கம்போல எல்லோரும் கை நனைத்தோம், வழக்கம்போல துல்லியோ அலறினார். கறுப்பு ரொட்டியும் உலர்ந்த இறைச்சியும் பாலாடைக்கட்டியும் பிரித்துச் சாப்பிட்டோம். நானும் அப்பாவும் எப்போதும் உட்காருகிற தட்டைப் பாறையில்தான் உட்கார்ந்தோம், நீ நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்து ஆப்பிளையும் கடிக்கிற பாறை. எனக்கு உன்னை அங்கே பார்க்காதது அன்றைக்குப் பார்த்து ரொம்பவும் கனத்தது. அவர் ஆப்பிளை வெட்டிப் பாதியைக் கொடுத்தார். பிறகு கழுத்திலிருந்த துணியை அவிழ்த்தார், என் முன்னால் மண்டியிட்டு, ஊரே பார்க்க, என் இடது முழங்காலில் அழுத்திச் சுற்றிக் கட்டினார். முடிச்சைப் போட்டுக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "காலையில இது. கல்மேட்டுல அது. இதுவே இருக்கட்டும், மாத்தாத" என்றார். நான் ஆப்பிளை வாயில் வைத்துக்கொண்டு கடிக்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், எங்களுக்கு அது பழகின வழி.

இறங்குவதற்கு தேவிஸ் எல்லோரையும் கூப்பிட்டான். உன் அப்பா எழுந்து, துடைப்பத்தைப் பையிலிருந்து அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைத் தாண்டி முன்னால் வந்தார். "இர்மாவோட முட்டி எறக்கத்துல தாங்காது. நான் பக்கத்துல இருந்தாத்தான் சரிப்படும். இத இன்னிக்கி வேற யாராவது எடுத்துக்குங்க" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. காலையில் என் காலைப் பார்த்தவர்கள் எல்லோரும் இப்போது ஏரியைப் பார்த்தார்கள். நான் கல்லுக்குக் கல் தாவியதைப் பார்த்தவர்கள்தானே அத்தனை பேரும்? ஒரு வாய் திறக்கவில்லை, நிவெஸ். ஊர்க்காரர்களைப் பற்றி நான் ஆயிரம் குறை சொல்வேன், இனிமேல் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். கடைசியில் துல்லியோதான் வந்து கையை நீட்டினார். கேலி வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். "கடேசில நடக்கிறவன் என்னடா பண்ணணும், செவரினோ?" என்று மட்டும் கேட்டார். "ஒண்ணும் பண்ண வேண்டாம். உனக்குப் பின்னாடி யாரும் இல்லைன்னு பாத்துக்கோ, அது போதும்" என்றார் அப்பா. துல்லியோ அதைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டார், அப்பா அவிழ்த்து நேராகக் கட்டிவிட்டார்.

அப்படித்தான் உன் அப்பா தேவிஸுக்குப் பின்னால் நடந்தார், நான் அவருக்குப் பின்னால் இடது காலை இழுத்துக்கொண்டு. தேவிஸ் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு நடந்தான், அவன் தலை லேசாகச் சாய்ந்திருந்ததைப் பார்த்தேன். கல்மேட்டுத் திருப்பத்துக்கு வந்தபோது அப்பா திரும்பாமலே சொன்னார், "கயிறு அவுறல இர்மா. நான்தான் அவுத்தேன். குரல் குடுக்க மூச்சு இல்ல." அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கண்ணில் நீர் நிறைந்து கல் தெரியவில்லை, அவர் பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், அந்த நேரத்தில் நிஜமாகவே நொண்டினேன் என்றுதான் நினைக்கிறேன். மரங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் பள்ளத்தாக்கு மொத்தமாகத் திறக்குமே, நம் ஊர்க் கோபுரம், ஆறு, மஞ்சள் மஞ்சளாகச் சரிவு, அங்கே அவர் நின்றார். தேவிஸ் வேண்டுமென்றே ஓரமாக ஒதுங்கிக் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். எத்தனை வருஷம் நடந்திருப்பார் இந்தப் பாதையில், அத்தனை தடவையும் அவருக்கு முன்னால் முதுகுகள்தானே. "நிவெஸ் சொன்னது நெசந்தான்" என்றார், "எல்லாமே மொதல்ல தெரியுது." அப்போது பின்னாலிருந்து துல்லியோவின் குரல் வந்தது, குரலா அது, பிரேக் பிடிக்காத பஸ்ஸின் ஹாரன். தேவிஸ் பதில் கொடுக்க வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டான். அப்பா இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொடுப்பாயே, அதே பதிலைக் கொடுத்தார். முழுசாக வந்தது.

கீழே புல்வெளியில் வழக்கம்போல ஓட்டைச் சட்டியில் கஷ்கொட்டை வறுத்தார்கள், புது வைன் ஊற்றினார்கள். அப்பா அரைக் கோப்பைதான் குடித்தார், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் வந்து வந்து என் முட்டியை விசாரித்தார்கள், முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லாமல். மறுநாளிலிருந்து தைலம் வந்துகொண்டிருக்கிறது, சமையலறை அலமாரியில் இடமில்லை, துல்லியோவின் மனைவி கொண்டுவந்தது கரடிக் கொழுப்பு வாடை அடிக்கிறது. பூசிக்கொள்ளாவிட்டால் அப்பா, "முட்டிக்குத் தடவினியா?" என்று கேட்கிறார், பூசிக்கொள்கிறேன். தினமும் சாயங்காலம், "உன் முட்டிக்கு நல்லது, கொஞ்சம் மெதுவா நடந்துட்டு வரலாம் வா" என்று என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகிறார். பேசிக்கொண்டே நடக்கிறோம். ஆமாம், பேசுகிறார்.

நீ இரவில் தனியாக வண்டி ஓட்டாதே, வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டை விடாதே, தோபியாவுக்கு நம் பாஷையில் பேசு, அவனுக்குப் புரியாவிட்டாலும் பேசு. இங்கே இலை உதிர்கிறபோது அங்கே வசந்தம் என்கிறாய், எனக்கு அது இன்னும் தலைக்குள் ஏறவில்லை. ஒரு முடிப்பு நடைக்காவது அவனைக் கூட்டிக்கொண்டு வா, தேவிஸுக்குப் பின்னால் அவனுக்கும் அவன் தாத்தாவுக்கும் சேர்ந்தாற்போல இடம் இருக்கிறது. மருமகனுக்கும் உனக்கும் குழந்தைக்கும் எங்கள் இருவரின் ஆசியும் முத்தங்களும், மலைமேல் இருக்கிற மாதா உங்களை எந்தக் குறையும் அண்டாமல் பார்த்துக்கொள்ளட்டும். கொட்டகையில் சத்தம் நின்றுவிட்டது, வருகிறார் போலிருக்கிறது. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பாவின் நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. அம்மாவின் முட்டி எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேள், விவரமாகச் சொல்வார். இடது முட்டி.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா இர்மா